பண்டசோழநல்லூர் பால்கனி

முப்பது வருடம் வேலை பார்த்த வில்லியனூர் ஆபீசுக்குக் கடந்த மாதம் ஒரு சர்டிபிகேட் வாங்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் பழைய ஆபீசுக்கு அடிக்கடி போகக் கூடாது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நாம் எப்போது கிளம்புவோம் என்று வாசலையே பார்ப்பார்கள். ஆனால் அங்கே இப்போது டிசைன் பார்க்கிற பெண் நல்ல மாதிரி. என்னோடு பேசிக்கொண்டே போனைத் திறந்தாள், எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள், கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தாள்.

"இன்னாம்மா அது?" என்றேன்.

"நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு ரூஃப் மேடம். கம்பி கட்டி போட்டோ அனுப்பியிருந்தாங்க. காங்கிரீட் போடச் சொல்லிட்டன்."

பதினேழு போட்டோக்கள். அதில் ஆறில் வீட்டுக்காரர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கம்பிக்கு முன்னால் நிற்கிறார். என் முகம் மாறியிருக்க வேண்டும். "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு பால்கனி ஞாபகம் வந்துவிட்டது என்றேன். "எழுதிக் குடுங்க மேடம், எங்க குரூப்ல போடறன்" என்றாள். போனில் பார்த்துக் காங்கிரீட் போடச் சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்லப் போகிறேன், அதையும் போனில் குரூப்பில் போட வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ. வகுப்பில் மூன்றே பெண்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் வரைபடத்தைப் பார்த்து வரைபடம் வரைந்ததோடு சரி. சைட்டுக்கு அனுப்பக் கேட்டால், சாரம் ஏறுவியா, புடவை மாட்டும் என்பார்கள். கலியபெருமாள் சார் ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல், "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஸ்கூட்டர் கிட்ட நில்லு" என்றார். அவர்தான் எங்கள் ஆபீசின் முதலாளி, எனக்கு மேலதிகாரி, இரண்டும்.

ஒரு தளத்தை அவர் சோதிக்கும் விதத்தை எழுதியே ஆக வேண்டும். ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். மேஸ்திரி எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் முதலில் போவார். கம்பிக்குக் கம்பி இடைவெளி ஆறு அங்குலம் என்றால், ஓர் இடைவெளியை அளக்க மாட்டார். பத்து இடைவெளியைச் சேர்த்து டேப்பை நீட்டுவார், ஐந்தடி வர வேண்டும். அடிக்கம்பிக்குக் கீழே சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார், விரல் நுழைந்தால்தான் கம்பிக்கு அடியில் காங்கிரீட் நுழையும். அங்கே கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிமெண்ட் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக்கல்லைச் செருகி வைத்திருந்தால் அதை எடுத்து மேஸ்திரியின் சட்டைப் பையில் போடுவார். பீமில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரண்டு நுனியும் உள்பக்கமாக மடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். இவ்வளவுக்கும் ஒரு தடவைகூடச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேஸ்திரி, "அதெல்லாம் போட்டாச்சி சார்" என்று ஆரம்பித்தால், "சொல்லாதப்பா, காட்டு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கடைசியில் மேல்கம்பி. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்று முழு எடையையும் கொடுப்பார். கம்பி இறங்கினால் அந்த இடத்திலேயே சென்ட்ரிங் பலகைமேல் உட்கார்ந்துவிடுவார். "நான் இங்கதான் கீறன். சரி பண்ணுங்க." வெயிலானாலும் அசைய மாட்டார். ஒரு தடவை வீட்டுக்காரர் குடை கொண்டுவந்து பிடித்தார்.

மேல்கம்பிக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அறைக்கு மேல் போடுகிற தளம் நான்கு பக்கமும் தாங்கல் உள்ளது. பாரம் ஏறினால் நடுவில் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் கம்பி அடியில். பால்கனி அப்படியில்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறது, நுனியில் தாங்கல் கிடையாது. ஓரத்தில் ஆள் நின்றால் மேல்பக்கம்தான் இழுபடும். காங்கிரீட்டுக்கு அமுக்கினால் கவலையில்லை, இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால் அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். ஆனால் காங்கிரீட் போடும்போது பாண்டுச் சட்டி தூக்கும் சித்தாள்களும் ஆள்களும் அந்தக் கம்பியை மிதித்துக்கொண்டுதான் நடப்பார்கள். மிதித்தால் அடிக்குப் போய்விடும். போகாமல் இருக்க, துண்டுக் கம்பியை முக்காலி போல வளைத்து அடியில் நிற்க வைப்போம். தொழிலில் அதற்குப் பெயர் சேர். சில மேஸ்திரிகள் சேர் வைக்காமல், காங்கிரீட் கொட்டக் கொட்டக் கொக்கியால் கம்பியைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். தூக்கிய இடத்தை அடுத்த ஆள் மிதிப்பார்.

அதிர்ச்சிக்கு என் தொழிலில் குறைவே இருந்ததில்லை. திருக்கனூரில் ஒரு மண்டிக்காரர், லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறதென்று நடுப் பில்லரை இடித்துவிட்டு, "ஒண்ணுதான மேடம், மிச்சம் அஞ்சு கீதே" என்றார். அன்று நான் போட்ட கூச்சலில் மண்டியிலிருந்த மாடுகள் அவிழ்த்துக்கொண்டன. காட்டேரிக்குப்பத்தில் ஒரு வீட்டில் வாஸ்து பார்ப்பவர் சொன்னார் என்று படிக்கட்டு பீமில் பாதியை வெட்டியிருந்தார்கள். இதெல்லாம் மற்றவர்கள் செய்த தப்பு. திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். பண்டசோழநல்லூர் வேறு மாதிரி.

அங்கே முருகையன் என்று ஒரு கரும்பு விவசாயி. மனைவி அஞ்சலை. மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி. மாடி வீடு கட்டினார்கள். முன்பக்கம் தெருவைப் பார்த்து நாலரை அடி நீட்டி, பதினாலு அடி நீளத்துக்கு ஒரு பால்கனி வேண்டும் என்றது அஞ்சலைதான். "கரும்பு வண்டி வர்றத மேலேந்து பாக்கணும் மேடம்." டிசைன் நான் போட்டேன். அஞ்சங்குலக் கனம், மேல்கம்பி. மேஸ்திரி ஏழுமலை, நல்ல வேலைக்காரர்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரி, சேர் மட்டும் வைக்கவில்லை. ஏழுமலையிடம், "சேர் வச்சிடுங்க, காலைல நான் வந்து பாத்துட்டுதான் போடணும்" என்றேன். "வெட்டி வச்சிடறன் மேடம்" என்றார்.

மறுநாள் காலை கிளம்பும்போது மழை. சார் சென்னை போயிருந்தார். இன்னொரு சைட்டில் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அழைப்பு, அங்கே ஓடினேன். ஒன்பதரை மணிக்கு மழை விட்டது. பண்டசோழநல்லூரில் மிக்சர் வந்து நிற்கிறது, ஆள்கள் வந்தாயிற்று, எனக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏழுமலை நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது அஞ்சலை.

"மேஸ்திரி மேல கீறாரு மேடம். போன எங்கிட்ட குட்துட்டுப் போனாரு. இன்னா மேடம்?"

"சேர் போட்டாச்சா?"

"போட்டாச்சி மேடம்."

"எத்தினி?"

"இருபது. பத்தலன்னா இன்னும் பத்து எட்தாரச் சொல்லட்டா?"

மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பதினாலு அடிக்கு இரண்டு வரிசை, பீமுக்குப் பக்கத்தில் கொஞ்சம். இருபது கச்சிதம்.

"இருபது போதும். ஆடாம நிக்குதா?"

"ரெண்டு ஆடிச்சி மேடம். மாத்திட்டோம்."

ஆடுகிற சேரைக்கூட மாற்றிவிட்டார்கள் என்றதும் எனக்கு ஏழுமலைமேல் மரியாதை கூடியது. "சரி, காங்கிரீட் போடச் சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் போனேன். தளம் தண்ணீர் விட்டால் நிற்கும் அளவுக்குச் சமமாக இருந்தது. வாசலில் நிழலில் நீலப் பிளாஸ்டிக் சேர்கள் வரிசையாகக் கிடந்தன, சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒன்றில் உட்கார்ந்து கலர் குடித்துவிட்டு வந்தேன். இப்போது படிக்கிறவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அன்று புரியவில்லை. கணக்குப்படி நாள் விட்டு, அடியில் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்தார்கள். பால்கனி விழவில்லை. விழாததை நான் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

புதுமனைப் புகுவிழாவுக்கு ஆபீசில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார்கள். நான் காலையிலேயே போய்விட்டேன். வாசலில் பந்தல். ஏழுமலைக்குப் புது வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்திருந்தார்கள், அதைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். போட்டோ எடுப்பவர் தெருவில் நின்றுகொண்டு, குடும்பத்தார் எல்லாரையும் பால்கனிக்கு வரச் சொன்னார். முருகையன், அவருடைய அண்ணன் தம்பிகள், மகன், மருமகள், பெண்கள். "ஓரத்துக்கு வாங்க, மூஞ்சி தெரியல" என்று போட்டோக்காரர் கையை ஆட்டினார். பேத்தி கைப்பிடிக் குழாய்க்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை பந்தியைக் கவனிக்கக் கீழே நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒரு நீலச் சேரை இழுத்துத் துண்டால் துடைத்தாள்.

"ஒக்காருங்க மேடம். அன்னிக்குப் போட்ட அதே சேருதான், அதே கடையிலேந்து எட்தாந்தோம். அன்னிக்கு நீங்க போன்ல கேட்டீங்களே, சேர் போட்டாச்சா, எத்தினி போட்டீங்க, ஆடுதான்னு. எவ்ளோ வேலைலயும் வர்றவங்க ஒக்கார எடம் கீதான்னு கேக்கறாங்களேன்னு நான் ஊர் பூரா சொல்லிட்டன்."

அண்ணாந்து பார்த்தேன். எண்ணினேன். பதிமூன்று பேர், எல்லாரும் ஓரத்தில்.

கத்த வாயைத் திறந்தேன், அடக்கிக்கொண்டேன். கீழேயிருந்து கத்தினால் என்னவென்று எட்டிப் பார்க்க இன்னும் ஓரத்துக்கு வருவார்கள். மாடிப்படி ஏறினேன். பால்கனிக் கதவுக்குள் அறையில் நின்று பார்த்தபோது, சுவரை ஒட்டித் தரை டைல்சுக்கு நடுவே பூசிய வெள்ளைச் சிமெண்டில் முடி அளவுக்கு ஒரு கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். மேல்பக்கம் பிய்ய ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

உள்ளே வாருங்கள், இடியப் போகிறது என்றால் பதிமூன்று பேரும் ஒரே நேரத்தில் குதித்து ஓடுவார்கள். அந்த அதிர்ச்சியே போதும். நான் அறைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்தேன். "முருகையன், தலைய சுத்துது, புடிங்க" என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நடித்திருக்கிறேன், அதற்கும் பெரிய சிரமம் தேவைப்படவில்லை. முருகையன் வந்தார், பின்னால் மருமகள் குழந்தையோடு வந்தாள், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். விசிறினார்கள், சோடா என்றார்கள். கடைசி ஆள் உள்ளே வந்ததும் எழுந்து பால்கனிக் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டேன். சோடா கொண்டுவந்த பெண் என்னையே பார்த்தாள்.

கீழே இறங்கி, பால்கனிக்கு அடியிலிருந்த ஆள்களை எழுப்பிவிட்டேன். சாருக்குப் போன் செய்தேன். "சார், பால்கனில சேர் இல்ல" என்றேன். "ஆளுங்க?" என்றார். "எறக்கிட்டன்." "வர்றன்."

அரை மணியில் வந்தார். பந்தல்காரரிடம் சவுக்குக் கழி வாங்கி, பால்கனி ஓரத்துக்கு அடியில் இரண்டடிக்கு ஒன்றாக முட்டுக் கொடுக்கச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் பலகை வைத்து ஆப்பு அடித்து, கையால் தட்டிப் பார்த்தார். பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனார். சுவரோரம் ஒரு டைல்சைப் பெயர்த்து, உளியால் மெதுவாகக் கொத்தினார். முக்கால் அங்குலத்தில் கம்பி தெரிய வேண்டும். தெரியவில்லை. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். மூன்றரை அங்குலத்தில் உளி கம்பியில் பட்டது. சார் ஆள்காட்டி விரலை அந்தக் குழிக்குள் விட்டார், விரல் முழுதாக உள்ளே போய்விட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேர்ல பாத்தியா?"

"இல்ல சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார். என்னைத் திட்டியிருக்கலாம். இன்றைக்கும் அந்தத் திட்டு பாக்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குள் கீழே விஷயம் பரவிவிட்டது. முருகையனின் தம்பி ஏழுமலையின் புதுத் துண்டைப் பிடித்து முறுக்கியிருந்தார். "எங்கூட்டுப் பொண்ணு புள்ளைங்களக் கொல்லப் பாத்தியாடா?" ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். "சேர் வெட்டல, அது என் தப்புதான். கொக்கிய போட்டுத் தூக்கிக்கலாம்னு இருந்தன். மேடம் வந்தா உடமாட்டாங்கன்னு தெரியும், வந்து சொன்னா அப்ப வெட்டிக்கலாம்னு காத்துகினு இருந்தன். அண்ணிதான் வந்து, மேடம் போடச் சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க."

எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சேர் போட்டாச்சான்னு கேட்டாங்க. போட்டன்னு சொன்னன். இதுல இன்னா?" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழி ஏழுமலையோடு போயிருக்கும், அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு யாரும் ஒரு கக்கூஸ் கட்டக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அஞ்சலைக்குத் தன் வாயால் வந்த வினை என்று தெரியும். அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் பால்கனியைவிட அதிக வெட்கமாக இருக்கிறது.

"மேஸ்திரிய உடுங்க" என்றேன். "அஞ்சலை, நான் கேட்ட சேர் இது இல்ல. கம்பிக்கு அடில வைக்கிற ஒரு கம்பித்துண்டுக்கு நாங்க சேர்னு பேர் வச்சிருக்கோம். நீங்க ஒக்கார்ற சேர சொன்னீங்க. நான் கம்பிச் சேருன்னு நெனச்சி காங்கிரீட் போடச் சொல்லிட்டன். வந்து பாத்திருக்கணும். வரல. தப்பு என்னோடது."

அஞ்சலை நீலச் சேரைப் பார்த்தாள். பிறகு பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கம்பியப் பத்தி எங்கிட்ட ஏன் கேட்டீங்க மேடம்?" என்றாள். "நான் இன்னாத்தக் கண்டன்?"



பால்கனியை எங்கள் செலவில் உடைத்தோம். பழைய கம்பியை நம்பாமல், உள்பக்கத் தளத்தையும் ஐந்தடி பிரித்துப் புதுக்கம்பியை உள்ளே நன்றாக நீட்டி மடக்கிக் கட்டினோம். ஏழுமலைதான் கட்டினார், அவரே போதும் என்று முருகையனிடம் நான் பிடிவாதமாகச் சொன்னேன். காங்கிரீட் போட்டு முடியும்வரை நான் கம்பிமேலேயே நின்றேன். ஒரு மாதம் கழித்து முட்டு பிரித்தோம்.

முட்டு பிரித்த அன்று குடும்பம் முழுக்கத் தெருவில் நின்றது. மேலே போகலாம் என்று யார் கூப்பிட்டும் அஞ்சலை வரவில்லை. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேலியோரம் நின்றாள்.

"நீங்க மொதல்ல நில்லுங்க மேடம்" என்றாள்.

நான் மாடி ஏறி, கதவைத் திறந்து பால்கனிக்கு வந்தேன். நடுவில் நின்றேன்.

"இன்னும் ஓரமா."

ஓரடி முன்னால் வந்தேன். கம்பி எத்தனை, எந்த ஆழத்தில், எவ்வளவு தாங்கும் என்று எல்லாம் எனக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்தும் பாதத்தை அழுத்திப் பார்த்துதான் வைத்தேன். அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஓரமா போங்க மேடம்."

போனேன்.